ஒரிக்கல் என்று அவள் சொன்னாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் மனநலப் பிரிவுப் பிள்ளைகளுக்கு உற்சாகமூட்டும்படி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள். உற்சாகமூட்டும் சரக்கு என்னிடம் இல்லை. ஓய்வு பெற்ற கிழவன், நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் பொன்னாடையை மடித்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்திருப்பார்கள். அப்படிப் போகிற ஆளாக நான் இருந்திருந்தால், கடைசி வருஷத்தில் என்னை எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்க மாட்டார்கள். இப்போது அந்த அறையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நான் எழுதுவது உங்களுக்கு உதவும்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி எதற்காகப் போடப்பட்டது என்று தெரியுமா? உடம்பைக் குறைக்க வயிற்றில் அறுவை செய்துகொள்ள வருகிறவர்களை, கத்தி வைப்பதற்கு முன்னால், மனநலக்காரர் ஒருவர் பார்த்துச் சான்று தரவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. விதி நல்ல விதிதான். சாப்பாட்டோடு ஒருவருக்கு இருக்கும் உறவு கோணலாகியிருந்தால், இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குவதால் அந்தக் கோணல் நிமிர்ந்துவிடாது. முதலில் அதற்கு வைத்தியம் பார்க்கவேண்டும், பிறகுதான் மற்றது. ஆனால் நம் அறுவை டாக்டர் அந்தச் சான்றுக்கு வைத்திருந்த பெயர் ‘மனசு ஓகே’. “அந்த மனசு ஓகே வந்தோ?” என்று நர்ஸிடம் கேட்பார். ரத்தப் பரிசோதனை, நெஞ்சுப் படம், மனசு ஓகே. இதில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் அதிக நேரம் ஆகும்.

அறுவைக்கு நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கால் தேய்ந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்கள் அதற்குப் பிறகு படியேறிப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் ஏளனமெல்லாம் கத்தி பிடித்தவர்கள் மேல் அல்ல, பேனா பிடித்தவர்கள் மேல். அதில் முதல் ஆள் நான்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியாது. எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். வீட்டில் தமிழ், கோயிலில் தமிழ். கோயில் என்றால் சர்ச். படிக்கத் திருவனந்தபுரம் வந்த புதிதில், நான் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். பாண்டி என்று கூப்பிட்டார்கள். ரோஷம் வந்துவிட்டது. என் மலையாளத்தில் தமிழ் வாடை துளியும் இல்லாதபடி துடைத்து எடுத்தேன். பிறகு என்னைப் பார்த்து யாரும் எந்த ஊர் என்று கேட்டதில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் தமிழ்க் குடும்பம் யாராவது வந்தால்கூட நான் மலையாளத்தில்தான் ஆரம்பிப்பேன். அவர்களும் மலையாளத்தில் பதில் சொல்வார்கள். இரண்டு தமிழர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் இரவல் சட்டையைக் காட்டிக்கொண்டிருப்போம்.

வித்யா அப்படித்தான் வந்தாள். வலியசாலை அக்கிரகாரத்துப் பெண். முப்பத்தொரு வயது. கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மற்றவர்கள் எழுதுகிற புரோகிராம்களில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. நல்ல பருமன், அதைவிட நல்ல வெட்கம். நாற்காலியின் கைப்பிடிகளுக்கு நடுவே உட்காருவதற்கு முன் ஒரு நொடி அளந்து பார்த்தாள். நெற்றியில் சந்தனம். வெளியே பெஞ்சில் அவளுடைய அம்மா. அப்பா இல்லை. அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்றைக்கு என் மேஜையில் இன்னும் நாலு படிவங்கள் இருந்தன, அதனால் கூப்பிடவில்லை.

படிவம் மலையாளத்தில் இருந்தது. கேள்வியை நான் வாசிப்பேன், பதிலை நானே குறிப்பேன். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு நிறுத்த முடியாமல் போனதுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்றாள். குறித்தேன். யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டதுண்டா? இல்லை. குறித்தேன். வேறு என்ன சொல்வாள்? முன்பின் தெரியாத ஒரு ஆண் பிள்ளை, தலை நிமிராமல் கேட்டால்? அடுத்து பதினோராவது கேள்வி. நாள் முழுக்க ஆகாரம் இல்லாமல் இருந்ததுண்டா?

“உண்டு” என்றாள். “ஒரிக்கல்.”

மலையாளத்தில் ஒரிக்கல் என்றால் ஒரு தடவை. படிவத்தில் அதற்கு மூன்று கட்டங்கள் இருந்தன: இல்லை, ஒருமுறை, அடிக்கடி. நான் நடுக்கட்டத்தில் குறி போட்டேன். என்றைக்கோ ஒருநாள் காய்ச்சலில் பட்டினி கிடந்திருப்பாள் என்று எனக்கு நானே ஒரு கதையும் சொல்லிக்கொண்டேன். கடைசியில், தெய்வ நம்பிக்கை உள்ளவர், நல்ல சுயகட்டுப்பாடு, அறுவைக்கு ஏற்றவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சுயகட்டுப்பாடு என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டால், நெற்றிச் சந்தனத்திலிருந்து என்றுதான் சொல்லவேண்டும்.

அறுவை நன்றாக முடிந்தது. மாதத்துக்கு மாதம் அவள் கரைந்துகொண்டே வந்தாள். அவளுடைய அம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டபடி தேங்காய் உடைத்தாள். அதே பழவங்காடி முக்கில், தேங்காய் உடைக்கிற கூட்டத்துக்கு நேர் எதிரே, ஆஸ்பத்திரி ஒரு பெரிய பிளெக்ஸ் போர்டு வைத்தது. இடது பக்கம் பழைய வித்யா, வலது பக்கம் புதிய வித்யா. பழைய வித்யாவைக் கறுப்பு வெள்ளையில் போட்டிருந்தார்கள், ஏதோ செத்துப்போனவள் மாதிரி. புதியவளுக்கு எல்லாப் பல்லும் தெரிந்தது. பஸ் ஏற வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தங்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு போனார்கள்.

ஒரு விழாவும் நடந்தது. அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் பழைய துணியைக் கொண்டுவந்து மேடையில் விரித்துக் காட்டவேண்டும். வித்யா தன் பழைய சுரிதாரை விரித்துப் பிடித்தாள். இன்னொரு பெண்ணும் அவளும் அதற்குள் ஒன்றாக நின்றார்கள். கை தட்டினோம். நானும் தட்டினேன், முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினேன். அவள் மேடையிலிருந்து இறங்கும்போது கால்களை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். புது உடம்புக்கு இன்னும் பழகவில்லை போலும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னமும் என் காதில் இருக்கிறது. எனக்கு அது வேண்டும்தான்.

அவளுக்கு வாந்தி இருந்தது. அதற்கு வந்தபோதெல்லாம் மெல்ல மென்று சாப்பிடச் சொன்னார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. எடை குறைந்திருந்ததால் பாராட்டினார்கள். எடை குறைந்தால் பாராட்டு என்பதற்கு மேல் அந்தப் பிரிவில் யாருக்கும் எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை. பட்டினியால் செத்தால்கூடப் பாதி வழியில் ஒரு கேடயம் கொடுத்திருப்பார்கள்.

விழா முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அறுவை டாக்டர் எனக்கு போன் செய்தார். வித்யாவை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், நடக்கத் தள்ளாடுகிறாள், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம், ஏதோ உளறுகிறாள் என்றார்.

“ஸ்கோப் ஒக்கெ க்ளியர் ஆணு சாரே. இது சாரின்றெ டிப்பார்ட்மென்ட்.”

வயிற்றில் கோளாறு இல்லை, ஆகவே மனசில்தான் கோளாறு, ஆகவே உன் பாடு என்பது அதன் பொருள். கீழே போனேன்.

அவள் கட்டிலில் இருந்தாள். முதலில் கண்ணைப் பார்த்தேன். கருவிழி இரண்டும் ஓரத்துக்குப் போனால் நிற்காமல் துடித்துத் துடித்துத் திரும்பின. இந்த ஆஸ்பத்திரிக்கு வருமுன் நான் பல வருஷம் குடியை நிறுத்தும் பிரிவு ஒன்றில் வேலை பார்த்தவன். சோறே தின்னாமல் குடித்து வற்றிப்போனவர்களிடம் இதே கண்ணை, இதே அகட்டின நடையைப் பார்த்திருக்கிறேன். பி ஒன் வைட்டமின் உடம்பில் அடியோடு தீர்ந்துபோனால் மூளை இப்படித்தான் முறையிடும். அங்கே ஒரு தலைமை நர்ஸ் இருந்தார். பி ஒன் ஊசி போகுமுன் குளுக்கோஸ் பாட்டிலைத் தொட்ட ஒரு டாக்டரின் கையை என் கண்முன் தட்டிவிட்டவர். இருக்கிற துளியையும் குளுக்கோஸ் தின்று தீர்த்துவிடும், பிறகு ஆளுக்கு நினைவு திரும்பாது என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

ஆனால் வித்யா குடிக்கிறவள் அல்லவே. அக்கிரகாரத்துப் பெண், மாத்திரை மருந்தெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இடித்தது. அம்மா கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தாள். நேற்று என்ன சாப்பிட்டாள் என்று மலையாளத்தில் கேட்டேன். பதற்றத்தில் அந்த அம்மாவுக்கு மலையாளம் வரவில்லை. தமிழில் சொன்னாள்.

“நேத்திக்கு வியாழக்கிழமையோன்னோ. அவளுக்கு ஒரிக்கல்.”

“ஒரு தடவையா? என்ன ஒரு தடவை?” என்று நானும் தமிழுக்கு வந்தேன்.

அந்த அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “ஒரிக்கல்னா விரதமாக்கும். ஒரு வேளைதான் சாப்பாடு. தெரியாதோ? திங்கள், வியாழன், சனி மூணு நாளும் உண்டு. அதுபோக ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம். இப்பொ அந்த ஒரு வேளையும் வாந்தியா போயிடறது. சின்னதிலேர்ந்தே அவளுக்கு நல்ல நிஷ்டை.”

சர்ச்சில் வளர்ந்தவனுக்கு உபவாசம் தெரியும், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தெரியும். இந்த ஊர்க் கோயில்காரர்கள் ஒரு வேளை உண்டு இருக்கும் விரதத்துக்கு ஒரிக்கல் என்று பெயர் வைத்திருப்பது தெரியாது. முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்து, வாடை போகத் துடைத்த மலையாளத்தோடு, அந்த ஒரு சொல்லை அந்தப் பொருளில் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஒரு தடவை என்றே நினைத்துத் தாண்டிப் போயிருப்பேன். அடிக்கடி பட்டினி கிடப்பேன் என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் ஒரே ஒரு முறை என்று எழுதினேன்.

மாத்திரைகள் சாப்பிட்டாளா என்று கேட்டேன். விரத நாளில் எப்படிச் சாப்பிடுவாள் என்றாள் அம்மா. மற்ற நாளில்? அந்த வைட்டமின் உறை மாட்டு எலும்பிலிருந்து செய்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். எல்லாம் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது என்றாள்.

திரும்பிப் பார்த்தால் நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலைக் கம்பியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் டாக்டர் அல்ல. நீங்களும் அல்ல. நமக்கு ஒரு பஞ்சு வைக்கக்கூட உத்தரவிடும் உரிமை இல்லை. டியூட்டியில் இருந்தது ஒரு இளம் டாக்டர் பெண். அவளிடம் போய், முதலில் பி ஒன் ஊசி போடுங்கள், பிறகு இந்தப் பாட்டில் என்றேன். மரியாதையான பெண். அறுவை டாக்டர் எழுதியிருப்பது குளுக்கோஸ்தான், அவரைக் கேட்காமல் தன்னால் மாற்ற முடியாது என்றாள். அவருக்கு போன் போட்டாள். அவர் அறுவை அரங்குக்குள் போயிருந்தார். வந்தபின் கேட்கலாம் என்றாள். வெறும் மனப்பதற்றக் கேஸ் என்றுதானே அறுவை டாக்டர் சொன்னார் என்றும் சொன்னாள்.

கத்தியிருக்கலாம். பாட்டிலைப் பிடுங்கியிருக்கலாம். சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அப்படிச் செய்திருந்தால் காவலாளி வந்து என்னைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டு விட்டிருப்பார், பாட்டில் ஏறியிருக்கும். அந்த இடத்தில் என்னிடம் இருந்தது ஒரு பேனா மட்டும். வித்யாவை இந்தக் கட்டிலுக்குக் கொண்டுவந்ததும் அதே பேனாதான். நர்ஸிடம் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கட்டில் காலில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்தேன்.

அறுவைக்கு முன் இந்த நோயாளிக்கு நான் கொடுத்த சான்று தவறு என்று முதல் வரி எழுதினேன். அந்த வரியை எழுதக் கை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் போதாதா என்று மனசு பேரம் பேசியது. போதாது. மனநலக்காரர் தன் ஊகத்தை எழுதினால் அது ஊகம், யாரும் மதிக்க மாட்டார்கள். தன் தப்பைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதைப் படித்தபின் சும்மா இருக்க எந்த டாக்டருக்கும் தைரியம் வராது. வாரத்தில் பாதி நாள் பட்டினி, மீதி நாள் வாந்தி, வைட்டமின் மாத்திரை ஒன்றுகூட உள்ளே போகவில்லை, பி ஒன் தீர்ந்துபோன அறிகுறிகள் தெரிகின்றன, குளுக்கோஸுக்கு முன் ஊசி தேவை என்று டியூட்டி டாக்டரிடம் இத்தனை மணிக்குச் சொன்னேன் என்று எழுதி, கடிகாரம் பார்த்து மணியும் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

அந்தப் பெண் படித்தாள். முதல் வரியை இரண்டாம் முறை படித்தாள். பிறகு பாட்டிலை இறக்கச் சொல்லிவிட்டு, பொது மருத்துவப் பிரிவுப் பெரிய டாக்டரை போனில் கூப்பிட்டாள். ஊசி உடனே போயிற்று. அவள் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது, சொன்னால் அவள் வேலைக்குக் கேடு. நல்ல டாக்டர்.

இரண்டு நாளில் கண்ணின் துடிப்பு நின்றது. நடை திரும்பச் சில வாரம் ஆகும் என்றார்கள். நினைவு எவ்வளவு திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு அதுதான் ஒரே கேள்வி. மகள் தன்னை அத்தை என்றும் டீச்சர் என்றும் கூப்பிட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து, இது திரும்பி வருமா என்று போகிற வருகிற எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். துடைப்பத்தோடு வந்தவளிடமும் கேட்டாள்.

இதற்கு நடுவில் மேலே மூன்று கூட்டம் போட்டார்கள். ஒரு கூட்டத்தில்கூட வித்யாவைப் பற்றிப் பேச்சு இல்லை. கேஸ் ஷீட்டில் அந்த முதல் வரி ஏன் எழுதினேன் என்பதுதான் பேச்சு. வாக்கியத்தைக் கொஞ்சம் மென்மையாக்கிப் புதுத் தாளில் எழுதித் தரமுடியுமா என்று நிர்வாகி தேன் ஒழுகக் கேட்டார். முடியாது என்றேன். சரி, படிவத்தையாவது திருத்துங்கள் என்றேன். திருத்தினார்கள். மேலே சொன்ன பதில்கள் யாவும் உண்மை என்று நோயாளி கையெழுத்திட ஒரு வரி சேர்த்தார்கள். பதினோராவது கேள்வி குழப்பம் தருகிறது என்று எடுத்தே விட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் படிவத்தில் பத்துக்கு அடுத்தது பன்னிரண்டு. அச்சுப்பிழை என்று நினைத்திருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் ஜன்னல் இல்லாத அறை எனக்குக் கிடைத்தது.

பிளெக்ஸ் போர்டு மட்டும் அப்படியே நின்றது. கீழே இறக்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மழையில் வெளுத்துத் தானாகக் கிழிந்துதான் போயிற்று.

வித்யா கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தாள். நான் தினம் போய் உட்காருவேன், தமிழில்தான் பேசுவேன். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. விரத நாளில் பகலெல்லாம் பச்சைத் தண்ணீர். மாலையில் கழக்கூட்டத்தில் கம்பெனி கார் ஏறுமுன் பேக்கரியில் நிற்பாள். நெடுஞ்சாலையில் கார் நெரிசலில் நிற்கும் ஒரு மணி நேரம்தான் அவளுக்குச் சாப்பாட்டு அறை. பழம்பொரி, பப்ஸ், சிப்ஸ் பாக்கெட் என்று வயிறு வலிக்கிறவரை தின்பாள். அழுவாள். அதைச் சரிக்கட்ட மறுநாளும் ஒரு விரதம் கண்டுபிடிப்பாள். பஞ்சாங்கத்தில் விரதத்துக்கா பஞ்சம்? பட்டினி கிடப்பதை வீட்டில் எல்லாரும் பக்தி என்று மெச்சினார்கள். அறுவைக்குப் பிறகு தின்பது முடியாமல் போயிற்று, பட்டினி மட்டும் மிஞ்சியது. அதையும் ஆஸ்பத்திரியில் எல்லாரும் மெச்சினார்கள்.

அன்றைக்கு என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன். தப்புக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தவள் அல்லவா, நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“தின்னறதைப் பத்திக் கேட்டப்போ நான் பொய் சொன்னேன் சார். பட்டினியைப் பத்திக் கேட்டப்போ நிஜம் சொன்னேன். பொய்யைச் சரியா எழுதிண்டேள். நிஜத்தைத்தான் தப்பா எழுதிட்டேள்.”

இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த சரியான மதிப்பீடு அது ஒன்றுதான்.

அவள் தானாகச் சாப்பிடமாட்டாள், தட்டைப் பார்த்தாலே கண் நிறைந்துவிடும். ஆகவே நீங்கள் கூட உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அவள் சாப்பிடுவாள் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா தினமும் காலையில் இரண்டு டப்பா கொண்டுவருவாள். ஒன்றில் தனக்கு, ஒன்றில் மகளுக்குக் குழையப் பிசைந்த தயிர்சாதம், நாலு ஸ்பூன் அளவு. இவள் ஒரு வாய், அவள் ஒரு வாய். அப்படித்தான் பல நாள் ஓடியது.

வார்டு டாக்டர் பையன் ஒருவன் தினமும் காலையில் வந்து நினைவைச் சோதிப்பான். “இந்நு ஏது திவசமாணு?” என்பான், இன்றைக்கு என்ன நாள் என்று. திவசம் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கிரகாரத்து அம்மாவுக்கு முகம் சுருங்கும், அவர்கள் வீட்டில் அது சிராத்தத்துக்குப் பெயர். வித்யாவுக்கு ஒரு நாளும் பதில் தெரியாது. செவ்வாயை ஞாயிறு என்பாள், இந்த மாதத்தைப் போன மாதம் என்பாள். அவன் தாளில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவான். அம்மா அந்தக் குறியை எட்டிப் பார்ப்பாள்.

ஒருநாள் காலை நான் போனபோது பையன் அப்போதுதான் கேட்டு முடித்திருந்தான். வித்யா யோசித்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் மடியைப் பார்த்தாள். அங்கே ஒரு டப்பாதான் இருந்தது. அம்மா தனக்கு இரண்டு வாழைப்பழம் மட்டும் எடுத்து வந்திருந்தாள்.

“அம்மாக்குச் சாதம் இல்லை” என்றாள் வித்யா. நிறுத்தி நிதானமாக மேலே சொன்னாள். “இன்னிக்கு ஏகாதசி.”

பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாட்காட்டியைப் பார்த்துச் சரிபார்த்தான். பார்த்ததை வைத்து யோசித்து நாளைச் சொல்லிவிட்டாள், நினைவு திரும்புகிறது, பிரமாதம் என்று தாளில் பெரிய சரிக்குறி ஒன்று போட்டு என்னிடமும் காட்டினான். அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அழுதாள். வாரக்கணக்கில் எல்லாரிடமும் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நான் வித்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா மடியிலிருந்த டப்பாவை எடுத்து மெல்லத் தள்ளி வைத்தாள். “எனக்கும் இன்னிக்கு வேண்டாம்மா” என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்தக் கட்டிலுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்க்காத நிம்மதி. திரும்பி வந்தது நினைவு மட்டுமல்ல.

பையன் போய்விட்டான். அவன் கட்டம் நிறைந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். இன்றைக்கும் நீங்கள் கூடச் சாப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை. பூணூல் போட்ட வீட்டில் கல்யாணமாகி வந்த நாள் முதலாக ஒரு ஏகாதசிக்கும் அந்த அம்மா சோறு தொட்டதில்லை. பிள்ளை பெற்ற பத்தாம் நாள் வந்த ஏகாதசிக்குக்கூட இல்லை என்று என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாழைப்பழத்தைப் பைக்குள் வைத்தாள். தள்ளி வைத்த டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து, தயிர்சாதத்தை விரலால் எடுத்து, மகள் பார்த்துக்கொண்டிருக்க, முதல் வாயைத் தானே போட்டுக்கொண்டாள். மென்று முழுங்கச் சிரமப்பட்டாள். அது தொண்டையில் இறங்குவதை நான் பார்த்தேன்.

“ம்” என்று அடுத்த வாயை மகளிடம் நீட்டினாள். “தெரியும் ஏகாதசின்னு. வாயைத் தெற.”